மண்ணெண்ணெயில் ஓடிய கார்: கியர் மாற்றும் தருணமும் யாழ்ப்பாணத்து உழைப்பறிவும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் அவ்வாண்டிலேயே அற்றுப்போயிற்று. அடுத்த ஐந்தாண்டுகளிற் குடாநாட்டுத் தெருக்களில் ஓடிய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அக்காலத்தை நினைவுகூருவோர் இதற்குக் கூறும் காரணம் அநேகமாக ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்: தமிழன் மூளைசாலி, நெருக்கடி வந்ததும் அவன் மூளை வேலை செய்தது. இவ்விளக்கம் கேட்பதற்கு இனியது. ஆயின் இது விளக்கமன்று. ஒரு சமூகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு மூளையை வழங்கி, எந்த எஞ்சின், எந்த எரிபொருள், எவருடைய கை, எவருடைய காது என்னும் வினாக்களை அது மறைத்து விடுகின்றது. கருத்துமுதல்வாதம் கவிதையில் மட்டுந்தான் வாழ்கின்றது என்று எண்ணுவோர் கராஜ் வாசலிலும் அதனைக் காணலாம்.

மண்ணெண்ணெயில் ஒரு கார் ஓடுமா என்பது எஞ்சினின் இயல்பைப் பொறுத்தது. அது எவ்வளவு காலம் ஓடும், எவ்வளவு பாரம் இழுக்கும் என்பன சாரதி எத்தருணத்திற் கியரை மாற்றுகிறான் என்பதையும் பொறுத்தவை. எனவே கியர் மாற்றும் தருணத்தைப் பற்றிய சிறிதளவு பொறியியல் விளக்கத்திலிருந்தே நாம் தொடங்க வேண்டியுள்ளது. தமிழ்ச் சங்க ஏட்டில் இவ்விடயத்துக்கு இடமுண்டா என்று வினவுவோருக்கு ஒன்று கூறலாம். ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், முழு வளர்ச்சி பெற்ற இயந்திரத்தை மார்க்ஸ் மூன்று கூறுகளாகப் பிரித்தார்: இயக்கும் பொறி, இயக்கத்தைக் கடத்தும் அமைப்பு, வேலை செய்யும் கருவி. கியர்ப்பெட்டி அவற்றுள் இரண்டாவதாகும். இயந்திரத்தை ஆராய்வது சமூக ஆய்வுக்குப் புறம்பான காரியமென்று அவர் எண்ணவில்லை.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனர் 1000 என்னும் காரை எடுத்துக்கொள்வோம். 1956இல் வெளிவந்த இவ்வகையின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு உருளைகள் கொண்டது. இதன் உச்ச வலு 37 பரிவலு. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,750 சுற்றிற் கிடைப்பது. உச்ச முறுக்குவிசையோ 2,500 சுற்றிலேயே, ஏறத்தாழ 68 நியூற்றன் மீற்றராகக் கிடைத்துவிடும். முறுக்குவிசை என்பது தண்டைத் திருப்பும் பலம். வலு என்பது அப்பலத்தை எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்பச் செலுத்த முடிகிறது என்பதன் அளவு. உருளைக்குள் காற்றும் எரிபொருளும் நன்கு நிரம்பும் வேகமொன்று ஒவ்வோர் எஞ்சினுக்கும் உண்டு. அவ்விடத்தில் முறுக்குவிசை உச்சம் பெறும். அதற்கு மேல் வேகம் கூடக் கூட, உருளை நிரம்புவதற்கு நேரம் போதாது. ஒவ்வொரு வெடிப்பின் பலமும் குறையும். எனினும் வெடிப்புகளின் எண்ணிக்கை கூடுவதால் வலு மேலும் சிறிது தூரம் ஏறிச்சென்றே இறங்கும்.

கியர் செய்யும் வேலை அலவாங்கின் வேலையே. அலவாங்கின் நீண்ட பக்கத்தைப் பிடித்துக் கல்லைப் புரட்டுபவன் தன் கையை அதிக தூரம் அசைக்க வேண்டும். கல் சிறிதே அசையும், ஆனால் அசையும். மைனரின் முதற் கியரில் எஞ்சின் தண்டு 3.63 முறை சுற்றினாற்றான் கியர்ப்பெட்டியிலிருந்து புறப்படும் தண்டு ஒரு முறை சுற்றும். இரண்டாம் கியரில் இவ்விகிதம் 2.37, மூன்றாவதில் 1.41, நாலாவதில் 1. பின்னச்சில் மேலும் ஒரு 4.55 உண்டு. இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால், மேற் கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்றுச் சுற்றும்போது கார் மணிக்கு ஏறத்தாழ 24½ கிலோமீற்றர் செல்லும்.

இனி, கியரை எப்போது மாற்றுவது? விரைவையே நோக்கமாகக் கொண்ட சாரதிக்கு விடை எளிது. ஒரு கியரிற் சக்கரத்துக்குக் கிடைக்கும் திருப்பம் அடுத்த கியரிற் கிடைக்கக்கூடியதற்குச் சமமாக வீழும் வரையில் அவன் காத்திருக்க வேண்டும். மைனரில் 4,750 சுற்றில் முறுக்குவிசை உச்சத்தின் ஐந்தில் நாலு பங்காகக் குறைந்துவிடுகிறது. எனினும் அதனை இரண்டாம் கியரின் 2.37ஆற் பெருக்கினால் வரும் தொகை, மூன்றாம் கியரில் உச்ச முறுக்குவிசையே கிடைத்தாலும் வரக்கூடிய தொகையைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிகமாகும். ஆகவே விரைவு வேண்டுவோன் உச்ச வலுவையும் சற்றுத் தாண்டி எஞ்சினை அலறவிட்டே மேற் கியருக்குப் போவான். பந்தயக்காரர் செய்வது இதுவே. கார்ப் பிரியருக்கென எழுதப்படும் ஏடுகள் பெரும்பாலும் இவ்வொரு விதியையே பல்வேறு ஆரவாரங்களோடு திரும்பத் திரும்பக் கூறுகின்றன.

சிக்கனத்தை நோக்கமாகக் கொண்டவனுக்கு விதி நேரெதிரானது. எஞ்சின் குறைந்த சுற்றிலும் அதிக பாரத்திலும் வேலை செய்யும்போது உராய்விலும் காற்றை உறிஞ்சுவதிலும் வீணாகும் சக்தி குறைவு. ஆகையால் அவன் முந்தியே மேற் கியருக்கு மாறி, மெதுவாகச் சுற்றும் எஞ்சினைக் கொண்டே வண்டியை இழுக்கச் செய்வான். மாதச் சம்பளத்தில் ஒஸ்ரினோ மொறிசோ வைத்திருந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் தம் சாரதிகளுக்குச் சொல்லிக் கொடுத்த விதி இதுதான். மணிக்கு 30 கிலோமீற்றர் வந்ததும் மேற் கியர். பிறகு ஆறுதலாகப் போகலாம்.

இவ்விரு விதிகளும் பெற்றோலை முன்னிட்டவை. எரிபொருள் மாறியதும் மூன்றாவது விதியொன்று தேவைப்பட்டது. அவ்விதியை எவரும் எழுதிவைக்கவில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோலிலிருந்து இரு வகையில் வேறுபடுகின்றது. முதலாவது, அது எளிதில் ஆவியாகாது. பெற்றோலின் இலேசான பகுதிகள் யாழ்ப்பாணத்துப் பகல் வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெயோ 150 பாகை செல்சியசை அண்டியே கொதிக்கத் தொடங்கி, அதற்கு வெகு மேலேயே கொதித்து முடியும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய்த் துளியாகவே இருக்கும், பிளக்கை நனைக்கும், பற்றாது. இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. பெற்றோலின் ஒக்ரேன் எண் 90ஐ அண்டியிருக்க, சாதாரண மண்ணெண்ணெயின் எண் அதன் பாதியளவே, பல வேளைகளில் அதனிலும் குறைவே. ஒக்ரேன் எண் குறையக் குறைய, நெருக்கப்பட்ட வாயு தானாகவே தீப்பற்றும் இயல்பு கூடும். பிளக்கின் பொறி மூட்டிய தீ உருளையின் ஒரு மூலையிலிருந்து பரவிவரும்போது, மறு மூலையிற் காத்திருக்கும் வாயு வெப்பத்தையும் அமுக்கத்தையும் தாங்காது ஒருங்கே வெடித்துவிடுகிறது. அவ்வெடிப்பு முசலத்தைத் தள்ளுவதில்லை. அதன் தலையிற் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கின்றது. ‘எஞ்சின் தட்டுது’ என்று கராஜிற் சொல்வது இதனையே.

தட்டலுக்கு நேரம் வேண்டும் என்பது இங்கு கவனிக்கப்பட வேண்டியது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றிற் செல்லும்போது, மூலையில் உள்ள வாயு வெந்துகொண்டிருப்பதற்குக் கிடைக்கும் நேரம் 3,200 சுற்றிற் கிடைப்பதைப்போல் இரு மடங்காகும். எனவே குறைந்த சுற்றில் அக்சிலேற்றரை ஆழ மிதிப்பதே தட்டலுக்கு அழைப்பு. சிக்கனக்காரனின் விதியோ இதனைத்தான் செய்யச் சொல்கிறது!

கணக்கில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மைனர் மேற் கியரில் ஏறத்தாழ 1,600 சுற்றிற் செல்லும். மூன்றாம் கியரில் அதே வேகத்துக்கு 2,300. பெற்றோலில் முதலாவதே முறை. மண்ணெண்ணெயிலோ, ஒரு சைக்கிளைக் கடக்கவோ மணற்பாங்கான ஒழுங்கைக்குள் திரும்பவோ சற்று மிதித்ததும் முதலாவது தட்டும், இரண்டாவது இழுக்கும். ஆகவே 50 கிலோமீற்றரைத் தாண்டும் வரை மூன்றிலேயே நிற்பதும், வேகம் குறையத் தொடங்கியதுமே, வண்டி முனகும் வரை காத்திராமல், கீழ்க் கியருக்கு இறங்குவதும் மூன்றாவது விதியாயின. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளி இங்கு தொல்லை தருவது. இரண்டில் 3,000 சுற்றில் விட்டு மூன்றுக்குப் போனால் எஞ்சின் 1,800க்கு வீழ்ந்துவிடும். அதனால் இரண்டாம் கியரைப் பெற்றோற் காலத்தில் எவரும் இழுத்திராத தூரத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. ஆயினும் பந்தயக்காரனைப் போல் உச்சத்துக்கும் போக முடியாது. கனமான எரிபொருள் முழுவதும் எரிந்து முடியாமல் கரும்புகையாய்ப் போகும். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தங்கத்துக்கு நிகராயிருந்த காலத்தில் அது கொடுமை. மேலே புகை, கீழே தட்டல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியிலேயே சாரதி ஓட வேண்டியிருந்தான்.

மைனரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மானி கிடையாது. முதற் கியருக்குப் பற்களைச் சமவேகப்படுத்தும் ஒத்தியக்க அமைப்பும் இல்லை. ஓடும் வண்டியில் அதற்கு இறங்க வேண்டுமாயின் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினைச் சற்று உறுமவிட்டு, காதால் அளந்து போட வேண்டும். மானி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது சாரதியின் காதும் உள்ளங்காலுமே. ‘தட்டுது’, ‘இழுக்குது’, ‘முனகுது’, ‘மூச்சு முட்டுது’, ‘பிடிக்குதில்லை’ என்று கராஜ்களில் வழங்கும் சொற்கள் இலக்கிய அணிகள் அல்ல, அவை அளவைகள். அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகளில் எஞ்சினுக்கும் அதன் உறுப்புகளுக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளன. முசலம், பரிவலு முதலியவற்றை நாமும் மேலே எடுத்தாண்டோம். ஆனால் அச்சொற்கள் பாடநூலைத் தாண்டவில்லை. பெயர்கள் ஆங்கிலத்திலிருந்தும் வினைகள் தமிழிலிருந்தும் வந்த கராஜ் மொழியோ அகராதியைத் தாண்டி வெளியிலேயே நிற்கிறது. வினைகள் தமிழாயிருப்பது தற்செயலன்று: உறுப்பைச் செய்தவன் பேர்மிங்காமில் இருந்தான்; அது படும் பாட்டை உணர்ந்தவன் யாழ்ப்பாணத்தில் இருந்தான்.

இம்மூன்றாவது விதி எல்லாக் கார்களுக்கும் உதவியிராது. இவ்விடத்து எஞ்சின்களின் வரலாறு முக்கியமாகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் எல்லாக் கம்பனிகளின் பெற்றோலும் ஒன்றாக்கப்பட்டு, 70ஐ அண்டிய தாழ்ந்த ஒக்ரேன் எண்ணுடன் பொதுப் பெற்றோலாக விற்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும், 1953 தொடக்கம் வரை, அந்நிலை நீடித்தது. அப்பெற்றோலிற் தட்டாது ஓட வேண்டுமென்பதால் அக்காலக் கார்களின் நெருக்கல் விகிதம் குறைவாகவே வைக்கப்பட்டது. 1948இல் வந்த முதல் மொறிஸ் மைனரில் அது 6½ஐ அண்டியது. ஒஸ்ரின் ஏ 40இல் 7க்குச் சற்று மேல். பின்வந்த மைனர் 1000இற்கூட வழமையான 8.3 விகிதத்துடன், தரங்குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென 7.2 விகித வகையொன்றும் இருந்தது. எரிபொருள்களின் தரவேறுபாட்டுக்கு ஏற்பத் தீப்பொறியை முந்தச் செய்யவும் பிந்தச் செய்யவும் டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திற் கையாலேயே திருகக்கூடிய சிறு திருகாணியொன்றும் வைக்கப்பட்டிருந்தது. உள்ளெடு குழாயும் வெளியேற்று குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று தொட்டபடி அமைந்திருந்தன. வெளியேறும் புகையின் சூடு உள்ளே வரும் கலவையைச் சூடாக்கும். குளிர்நாட்டுக்குச் செய்யப்பட்ட இவ்வமைப்பே மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அடுப்பாக யாழ்ப்பாணத்தில் வேலை செய்தது. ஆக, ஏகாதிபத்திய நாடொன்றின் போர்க்காலப் பற்றாக்குறை அதன் எஞ்சின்களிற் பதிந்த வடு, நாற்பதாண்டுகளின் பின் அதன் பழைய குடியேற்றநாடொன்றின் மூலையில், வேறொரு போரின் பற்றாக்குறைக்கு உதவிற்று. வரலாற்றின் இத்தகைய முரண்நகைகளுக்கு மூளைசாலி விளக்கத்தில் இடமில்லை.

அக்கார்கள் 1990 வரையில் ஏன் தெருவில் இருந்தன என்பதும் கேட்கப்பட வேண்டியதே. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கைக்குக் கார்கள் இறக்குமதியாவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே கதவு திறந்து யப்பானியக் கார்கள் திரளாக வந்தன. அவ்விடைப்பட்ட காலத்தில் ஒரு காரை வைத்திருந்தவன் அதனைச் சாகவிடாது காத்தான். மைனரும் சோமர்செற்றும் கேம்பிரிச்சும் வாடகைக் கார்களாகவும் கலியாண வீட்டுக் கார்களாகவும் மறுபிறவிகள் எடுத்தன. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டி வான்களை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தேய்ந்த உறுப்பைக் கடைந்தும் ஒட்டியும் புதிதாக்கும் கராஜ் தொழிலாளர் வர்க்கமொன்று இவ்விறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழேயே வளர்ந்தது.

மண்ணெண்ணெய் எஞ்சின் பற்றிய அறிவும் 1990இல் வானத்திலிருந்து குதித்ததன்று. குடாநாட்டு விவசாயி அதனை முன்பே அறிந்திருந்தான். துலா இறைப்பின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்ட நீரிறைக்கும் எஞ்சின்களிற் பல, பெற்றோலிற் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுபவை. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் தோட்டந்தோறும் அவ்வொலி கேட்டது. கரையோரங்களில், வள்ளங்களின் பின்புறத்திற் பூட்டும் மோட்டார்களை மீனவரும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியிருந்தனர். 1992, 1993ஆம் ஆண்டுகளிற் கிளாலிக் கடனீரேரியினூடாக மக்களை ஏற்றியிறக்கிய படகுகளை ஓட்டியதும் அவ்வறிவே. காருக்கு வந்தது தோட்டத்தினதும் கடலினதும் அறிவு. எழுதுவினைஞரின் கார், தான் ஒருபோதும் மதித்திராத தோட்டக்காரனின் நுட்பத்தை நம்பி ஓடவேண்டி வந்தது என்பதை நம் நினைவுக் கட்டுரையாளர் எவரும் எழுதக் காணோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்திற் பொறியியற் பீடம் இருக்கவில்லை. போர் முடிந்த பின்னரே அது கிளிநொச்சியில் உருவாயிற்று. இருந்திருந்தாலும் அது இதனைக் குறித்துவைத்திருக்குமா என்பது ஐயமே.

நிலத்தின் இயல்பும் துணைநின்றது. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை மீதமைந்த சமதரை. கடுகண்ணாவை போன்ற ஏற்றமொன்றும் இங்கில்லை. மலைநாட்டில் இம்முயற்சி முதல் வளைவிலேயே முடிந்திருக்கும்.

நடைமுறை பின்வருமாறு அமைந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதனைத் தொடக்குவதற்குச் சிறிதளவு பெற்றோல் இன்றியமையாதது. வெற்றுச் சம்போப் போத்தலிலோ அதுபோன்ற சிறு போத்தலிலோ பெற்றோலை வைத்து, அதனைப் பிதுக்கிக் காபரேற்றருக்குள் சில துளிகளைப் பீச்சுவர். எஞ்சின் பற்றியதும், அது அணைந்துவிடாதபடி மேலும் சில துளிகள். குழாய்கள் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். எம்.டி. 90 மோட்டார்ச் சைக்கிள்காரரின் சட்டைப்பையில் அப்போத்தல் பேனாவைப் போல் இருந்தது. தீப்பொறியைப் பிந்தச் செய்வர். அதனால் தட்டல் குறையும், வலுவும் குறையும். மைனரிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரின் அடியிலுள்ள திருகைச் சற்று இறக்கினால் ஊசிக்கும் துவாரத்துக்கும் இடைவெளி கூடி, தடித்த எண்ணெய் போதியளவு வரும். டீசல் எஞ்சின்களின் பிரச்சினை வேறு. அவை மண்ணெண்ணெயில் எளிதில் ஓடும்; ஆனால் டீசலுக்குள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லாமையால் பம்பு தேயும். அதற்காகத் தாவர எண்ணெய் சிறிது கலக்கப்பட்டது.

இதற்குரிய விலையை எஞ்சின் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் முசல வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காக்காது. பிளக்குகள் கரிபிடிக்கும். தட்டல் தொடர்ந்தால் முசலத்தின் தலையே உடையும். அவ்வுடைவைத் தள்ளிப்போடுவதற்குச் சாரதியிடமிருந்த முதற் கருவி கியர் மாற்றும் கை. பழுதானதும் சீர்செய்ய உதிரிப்பாகம் கிடையாத நிலையில், தருணம் தப்பாமல் மாற்றப்பட்ட ஒவ்வொரு கியரும் ஓர் உதிரிப்பாகத்தை மிச்சம்பிடித்தது என்று கூறினும் மிகையாகாது.

இதுவரை கூறியவற்றால் நாமும் அந்நாட்களைப் போற்றிப் பாடுகிறோம் என எவரும் கொள்ளலாகாது. ஒரு காரின் தாங்கிக்குள் ஊற்றப்பட்ட மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதே எமக்கு முதன்மையான வினா. குடாநாட்டின் விளக்கு, அடுப்பு, இறைப்பு எஞ்சின், வள்ளம், கார் ஆகிய அனைத்தும் அந்த ஒரே எண்ணெயை நோக்கியே கையேந்தி நின்றன. ஜாம் போத்தலுக்குள் எண்ணெயில் தோய்ந்த பஞ்சை இட்டு, மெல்லிய திரியொன்றைச் சைக்கிள் வால்வு வழியே ஏற்றிச் செய்யப்பட்ட ‘சிக்கன விளக்கு’ அக்காலத்து மாணவரின் ஒளி. அவ்விளக்கு இரவெல்லாம் குடித்த எண்ணெயைக் கார் ஒரு சந்தி தாண்டுமுன் குடித்துவிடும். பெரும்பான்மையோர் சைக்கிளில் அல்லது நடையிற் சென்றனர். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற காரும் உண்டு. பதுக்கி விற்ற எண்ணெயிற் கலியாண வீட்டுக்குச் சென்ற காரும் உண்டு. இரண்டும் ஒரே தொழில்நுட்பத்தாலேயே ஓடின. தொழில்நுட்பத்தை மட்டும் வியந்து நின்றால் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. அன்றியும், காரின் சொந்தக்காரர், ஓட்டிய சாரதி, கரிபடிந்த கையோடு பிளக்கைக் கழற்றித் துடைத்த கராஜ் பையன் ஆகிய மூவருள் ‘தமிழன் மூளை’ என்ற புகழுரை யாருக்குச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரத்தின் எல்லையும் ஓரிடத்தில் வெளிப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தினூடாகவும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கூட்டம் நடைவேகத்திலும் குறைவாகவே ஊர்ந்தது. மேலே தந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் மைனர் முதற் கியரிற் செல்கையிலும் எஞ்சின் 600 சுற்றைத் தொடாது; வெறுமனே உயிரோடு நிற்பதற்கே அதனிலும் கூடிய சுற்று வேண்டும். அதற்குக் கீழான கியர் இல்லை. கிளச்சை அரைவாசி மிதித்தபடி தேய்த்துச் செல்வதொன்றே வழி. அந்நிலையில் உள்ளெடு குழாய்க்குப் போதிய சூடு கிடையாது, மண்ணெண்ணெய் ஆவியாகாது, பிளக் நனைந்து எஞ்சின் நின்றுவிடும். மீண்டும் தொடக்கச் சம்போப் போத்தல் வேண்டும். மேலே விவரித்த கியர் அறிவனைத்தும் தெரு திறந்திருக்கும்வரை பயன்படும் அறிவே. அன்றிரவு உட்கார்ந்து போகக்கூடியவை என நினைக்கப்பட்டவை தள்ளிக்கொண்டு போகப்பட வேண்டியவையாயின. சைக்கிளே மேலான வாகனமாயிற்று.

1996இன் பின் பெற்றோல் கப்பல் வழியாக அருமையாகவேனும் வரத் தொடங்கியது. 2002இல் ஏ 9 பாதை திறந்ததும் தாராளமாக வந்தது. பழைய கார்களிற் சில மீண்டும் பெற்றோலுக்குத் திரும்பின. முந்திய சிக்கன விதியும் திரும்பிற்று. 2006இற் பாதை மூடப்பட்டபோது சம்போப் போத்தல்களைத் தேடியோர் உண்டு.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகளில் நின்றபோது, ‘நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள்’ என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் மறுபடி எழுந்தது. ஆனால் பொருளியல் அடித்தளம் மாறிவிட்டிருந்தது. இன்றைய கார்களின் நெருக்கல் விகிதம் 10ஐத் தாண்டியது. காபரேற்றரின் இடத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சும் ஊசிகள். வெளியேற்று குழாயில் மண்ணெண்ணெய்ப் புகையைத் தாங்காத ஊக்கிப் பெட்டி. மண்ணெண்ணெயும் மலிவாயிருக்கவில்லை: அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அந்த உயர்வின் அடி கார்க்காரர் மீது விழவில்லை. வள்ளத்தின் மோட்டாருக்கு அதனையே நம்பியிருந்த கரையோரத்து மீனவர் மீது விழுந்தது.

இன்றைய தானியங்கிக் கியர்ப்பெட்டியில் மாற்றும் தருணத்தைத் தீர்மானிப்பது ஒரு கணினி. எஞ்சினின் உடலில் திருகப்பட்ட சிறு உணரியொன்று தட்டலின் முதலாவது அதிர்வைக் கேட்டதும் தீப்பொறியைப் பிந்தச் செய்கிறது. பழைய சாரதிகள் காதாற் கேட்டுக் கையாற் செய்த வேலையை உயிரற்ற உழைப்பாக்கிப் பண்டத்தினுள் அடைத்து விற்கிறார்கள். அக்காதுகளுக்குரியவர்கள் இன்று முதியோர். அவர்களிற் சிலர் இன்னும் கராஜ் வாசல்களில் உட்கார்ந்திருக்கின்றனர். எஞ்சின் எவ்வாறெல்லாம் தட்டும் என்பதற்கு அவர்களிடம் எத்தனை வினைச்சொற்கள் உள்ளன என்பதை நமது அகராதிக்காரர் எவரும் இதுவரை சென்று கேட்கவில்லை.